வத்தல்மலை வளைவில் சிக்கிய எங்கள் பஸ்ஸும், நாங்கள் தின்ற காதுகுத்துச் சோறும்

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குத் துணி துவைப்பதும் தூங்குவதும்தான். போன மாதம் அதிலும் மண் விழுந்தது. ஓசூரில் எங்கள் கம்பெனியில் "டீம் அவுட்டிங், எல்லோரும் கட்டாயம் வரணும், வராவிட்டால் ஒரு நாள் லீவு போச்சு" என்று அறிவித்துவிட்டார்கள். இடம் வத்தல்மலை. இருபத்திரண்டு பேருக்கும் ஆரஞ்சு டி-ஷர்ட் வேறு. எனக்குக் கிடைத்ததில் இன்னொரு ஆளும் நுழையலாம்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பி, தருமபுரியில் டிபன் முடித்து, ஒன்பதரைக்கு மலையடிவாரம் சேர்ந்தோம். தருமபுரியிலிருந்து மேலே ஊர் வரை சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். அடிவாரத்து டீக்கடைக்கார அக்கா எங்கள் பஸ்ஸை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்.

"இந்த நீட்டு பஸ்ஸு வளைவுல திரும்பாதுங்க. ஜீப்பு, வேனுன்னா போவும்."

மேனேஜர் சுந்தர் சார் எங்கள் பக்கம் திரும்பி, "பாசிட்டிவா யோசிங்க" என்றார். அக்கா சொன்னதற்கு நாங்கள் என்ன செய்வோம்!

ஊருக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது பஸ்ஸின் மூக்கு பாறையில் இடித்து, பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது. "ஜாக்கி வெச்சுத்தான் தூக்கணும், நீங்க நடங்க" என்றார் டிரைவர். ரோட்டையே அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. நேரமாச்சு நேரமாச்சு என்று சார் எங்களை ஆட்டு மந்தை மாதிரி ஓட்டிக்கொண்டு போனார்.

மேலே ஒரு வீட்டில் சாப்பாடு சொல்லிவைத்திருந்தார்கள். ஊருக்குள் நுழைந்ததும் பந்தல், பாட்டு, கறிக்குழம்பு வாசம். வாசலில் நின்றவர், "ஓசூருதானுங்களே? வாங்க வாங்க! தூரத்துல இருந்து வந்திருக்கீங்க, மொதல்ல சாப்புடுங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார். நமக்கா இவ்வளவு ஏற்பாடு என்று சார் நெகிழ்ந்தே போனார். மணி பதினொன்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கறியை நான் மூன்று தடவை கேட்டு வாங்கினேன்.

அப்போது பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண், இடுப்பில் மொட்டையடித்த குழந்தையோடு வந்தார். "எங்கண்ணன் எங்கங்க? நீங்க அவரு கம்பெனிதானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அந்தக் குழந்தையின் காதுகுத்து விருந்து! அந்தப் பெண்ணின் பெயர் செல்வி. ஓசூரில் வேலை பார்க்கும் அண்ணனோடு நிலத் தகராறில் மூன்று வருஷமாகப் பேச்சில்லையாம்.

"இந்தத் தடவ வரேன்னு சொன்னாருங்க. போன் போட்டுக் கேக்கலாம்னா சிக்னலும் இல்ல. பன்னண்டோட நல்ல நேரம் முடியுது. தாய்மாமன் மடி இல்லாம எம்புள்ளைக்குக் காது குத்தறதா?" என்று அழுதேவிட்டார். "வரமாட்டான்னு அப்பவே சொன்னேனே" என்று முணுமுணுத்தார் மாமியார்.

அந்த நேரம் பார்த்துப் பைக்கில் ஒருவர் வந்து இறங்கினார். "எவனோ நீட்டு பஸ்ஸக் கொண்டாந்து வளைவுல சொருகிட்டுப் போயிட்டானுங்க! மாமன் வூட்டு வேனு அதுக்குப் பின்னாடி நிக்குது. திரும்பிப் போயிரலாம்ங்கறாரு."

ஐயையோ, அது நாங்கள்தான்! வழியையும் அடைத்துவிட்டு, வந்து சோற்றையும் தின்றிருக்கிறோம். சார் எச்சில் கையோடு எழுந்தார். "எல்லாரும் எந்திரிங்க, ஓடுங்க!" அவர் சொல்லி ஒருவர்கூடச் சாக்குச் சொல்லாதது அன்றைக்குத்தான்.

நாங்கள் போனபோது வேன் பாதி திரும்பியிருந்தது. "மலையே ஏற வுடலன்னா வராதன்னுதானே அர்த்தம்? சீரு இல்லாம வெறுங்கையோட அங்க போயி நிக்கவா?" என்று கத்திக்கொண்டிருந்தார் அண்ணன்.

"உங்க தங்கச்சி அழறாங்க" என்றேன்.

"நீங்க யாருங்க?"

"பஸ்ஸு எங்களுதுதாங்க."

அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் "அழுவுதா?" என்று மட்டும் கேட்டார்.

வேனிலிருந்த சீரையெல்லாம் இறக்கி நாங்களே சுமந்தோம். ஆளுக்கொரு தட்டு. சார் தோளில் வாழைத்தார். ஹெச்.ஆர். மேடம் கையில் சீர் ஆடு. உண்மையில் ஆடுதான் மேடத்தை இழுத்துக்கொண்டு மேலே ஏறியது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பந்தலுக்குள் நுழைந்தோம்.

மடியில் உட்கார வைத்ததும், குழந்தை அழுவதற்கு முன்பே மாமன் அழுதுவிட்டார். காது குத்தி முடிந்ததும் செல்வி, "சாப்ட்டியாண்ணா?" என்றார்.

"எங்க? எங்க பங்கையும் இவங்களே தின்னுட்டாங்களாமே!"

பந்தலே சிரித்தது. எங்களுக்குச் சொல்லிவைத்திருந்த சாப்பாடு இன்னொரு வீட்டிலிருந்து வந்தது. அதை அண்ணனுக்குச் செல்வியே பரிமாறினார்.

வத்தல்மலை போகிறவர்கள் பெரிய பஸ்ஸை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு ஜீப்பில் ஏறுங்கள். செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். சாப்பாடு சொன்ன வீட்டுக்கு அடையாளம் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. கேட்டுச் சரியான வீட்டில் உட்கார்ந்திருந்தால் நிம்மதியாகத் தின்று ஏப்பம் விட்டிருப்போம், அந்த வேன் ஓசூருக்கே திரும்பியிருக்கும். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் திக்கென்கிறது.