சன்னாசி என்று எழுதிய கை

விரல்மையின் புளித்த வாடையும், பால்மரக் காட்டிலிருந்து நேரே வந்தவர்களின் உடம்பில் ஊறிய ரப்பர்ப்பால் நாற்றமும் கலந்து அந்த இந்தியர் சங்கக் கூடத்தில் மூச்சு முட்டியது. வந்திருந்தவர்கள்: மூன்றாம் முறையாகப் போட்டியிட்ட அருளப்பன், அவரை எதிர்த்து நின்ற பெரிய கங்காணி வீரய்யா, வீரய்யாவின் மைத்துனன் காத்தான், கங்காணி இரண்டு லோரியில் ஏற்றி வந்த எங்கள் தோட்டத்து ஆட்கள் நாற்பது பேர், அவர்களில் ஒருவராக என் அப்பா, அவர் கையைப் பிடித்தபடி ஒன்பது வயதில் நான். வராதவர்கள்: "எவன் செயிச்சா நமக்கென்ன, உலையிலயா வந்து விழப்போவுது" என்று எங்கள் லயத்து வீட்டிலேயே இருந்துவிட்ட அம்மாவும், காவலுக்கு வருவதாகச் சொல்லியிருந்த போலீஸ்காரர்கள் இருவரும்.

மலாயாவின் ஈப்போ நகராட்சியான டவுன் போர்டில் இந்தியருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. துரைமார்தான் ஆளை நியமிப்பார்கள் என்றாலும், சங்கம் எழுதியனுப்பும் பெயரையே பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள் என்பதால், அந்தப் பெயர் யாருடையது என்பதற்குத்தான் அத்தனை அடிதடியும். அருளப்பன் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் "டிரெசர்" வேலை பார்த்துவிட்டு, பிறகு ஈப்போவை ஒட்டிய சிலிபினில் மருந்துக்கடை வைத்த கிறிஸ்தவர். சைக்கிளில் லயம் லயமாக வந்து, புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டே "சிலிபினுக்குக் கொழாத்தண்ணி கொண்டாராம விடமாட்டேன்ணே" என்று ஓட்டுக் கேட்பார். வீரய்யா அதே போர்டுக்குச் சாக்கடை வெட்ட ஆள் கொடுக்கும் காண்ட்ராக்டர். இரண்டு முறை அவர் பிடித்த நாற்காலி கைமாறினால் காண்ட்ராக்டும் கைமாறும். முதல் தேர்தல் முடிந்தபோது அருளப்பனின் சைக்கிள் ஈயம் தோண்டிய குட்டையில் கிடந்தது. இரண்டாவது முடிந்தபோது அவருடைய முன்பற்கள் நான்கு அவர் கடைவாசலில் கிடந்தன.

எங்கள் நாற்பது பேருக்கும் ஓட்டுரிமைக்கான சங்கச் சந்தா கட்டியது கங்காணிதான். ஆனால் என் தங்கச்சி காய்ச்சலில் கண் செருகிக் கிடந்த அன்று அவர் லோரி தர மறுத்ததும், அருளப்பன் அவளைச் சைக்கிளில் தூக்கிவைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்ததும் அப்பாவுக்கு மறக்கவில்லை.

எழுதத் தெரியாதவர்களுக்காகச் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வேட்டித் திரைக்குப் பின்னால் மேசையில் இரண்டு தாள்கள். மாட்டுவண்டி வரைந்த தாள் கங்காணிக்கு, விளக்கு வரைந்தது அருளப்பனுக்கு. உள்ளே போகிறவன் பெயர் எதுவும் இல்லாமல் ஒன்றில் பெருவிரலை ஒற்றிவிட்டு வருவான். கங்காணியின் சோற்றைத் தின்கிறவனுக்கு அந்தக் கறுப்புப் பொட்டுதான் காவல். எந்தப் பொட்டு எவனுடையது என்று எமனுக்கும் தெரியாது.

அப்பாவிடமிருந்து அந்தக் காவலைப் பிடுங்கியவன் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன கர்வத்தில், ஒரு மழைக்காலம் முழுக்க அவருக்குப் பெயர் எழுதச் சொல்லிக்கொடுத்தேன். பால்வெட்டும் உளியின் முனையால் மண்ணில் எழுதி எழுதி அழிப்பார், "ச" மட்டும் எப்போதும் சாய்ந்துவிடும். அன்று திரைக்குள் போனவர், குமாஸ்தாக்கள் கணக்கெழுத வைத்திருந்த பேனாவை எடுத்துவிட்டார். விரலில் மையில்லாமல் வெளியே வந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

விளக்குக்குப் பதினொரு ஓட்டு அதிகம். வீரய்யா விளக்குத் தாளை மேசையிலிருந்து உருவினார்.

"நாப்பது பேரும் என் உப்பத் தின்னவனுங்க. வெளக்குல கைய வச்சவன் எவன் லா?"

காத்தான் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "மச்சான், இங்க பாரு, பொட்டுக்கு நடுவுல ஒரு தொரை கையெழுத்துப் போட்டிருக்காரு!"

அவர்கள் இருவருக்கும் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த குமாஸ்தாக்கள் அதற்குள் பின்வாசலால் நழுவியிருந்தார்கள். கங்காணியின் கண் என்மேல் விழுந்தது; தாளைத் திரும்ப மேசைமேல் விரித்தார்.

"பள்ளிக்கூடத்துத் தம்பி, இங்க வாடா. இதப் படி."

அந்தச் சாய்ந்த "ச"வைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது.

"சன்னாசின்னு போட்டிருக்கு. எங்கப்பா எழுதினது. நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றேன், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

அப்பா ஓடவில்லை, ஓட இடமுமில்லை. நான்கு பேர் அவரை மேசைமேல் அமுக்கினார்கள். விலக்கிவிட வந்த அருளப்பனை விசுப்பலகையின் காலால் அடித்து மண்டையைப் பிளந்தார்கள். "எழுதுன கை எது, இதானே?" என்று காத்தான் கேட்டான். பாராங்கத்தி இரண்டு முறை இறங்கியது. பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் விளக்குப் படத்தின் மேலேயே கிடந்தன. நான் கத்திக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் மை ஒட்டிய விரலை உள்ளங்கைக்குள் மடக்கி ஒளித்துக்கொண்டு நின்றார்கள்.

ஆஸ்பத்திரிக்கு அருளப்பன் தலையில் கட்டோடு வந்தார். "அண்ணே, ஒங்களாலதான் செயிச்சேன்" என்று அழுதார்.

"பதினோரு ஓட்டுல செயிச்சீங்க லா. நா போடாட்டியும் பத்துல செயிச்சிருப்பீங்க" என்றார் அப்பா. "போங்க, போய் அந்தக் கொழாயயாவது வைங்க."

குழாய் வந்தது. சிலிபின் முச்சந்தியில் இன்றைக்கும் தண்ணீர் கொட்டுகிறது; அதைப் பிடிக்கப் போகும்போதெல்லாம் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உளி பிடிக்க முடியாத அப்பாவைத் தோட்டம் வெளியே அனுப்பியது; சிலிபினில் குடியேறினோம். அந்தத் தோட்டத்தையும் ஈயக் கம்பெனி வாங்கித் தோண்டி, லயம் இருந்த இடம் இப்போது குட்டையாகிவிட்டது. சங்கக் கூடம் சைக்கிள் கடையானது. வேட்டித் திரையும் இல்லை, விளக்குத் தாளும் இல்லை. நான்கு பெரியவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு ஒரு பெயரை எழுதியனுப்புகிறார்கள். நான் கோலா கங்சாரில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கிறேன், நாளெல்லாம் கையெழுத்துப் போடுகிறேன். அப்பா தம் பெயரைத் தாளில் எழுதியது வாழ்நாளில் அந்த ஒரே முறைதான். போலீஸ் புகாரில்கூட இடது பெருவிரலைத்தான் ஒற்றினார்.

அந்த வழக்கில் எங்கள் ஆட்கள் வரிசையாகச் சாட்சிக் கூண்டில் ஏறி, "பாக்கலீங்க தொரை" என்றார்கள். என் சாட்சியைச் சின்னப் பையன் என்று தள்ளிவிட்டார்கள். கைகலப்பு என்று வழக்குச் சுருங்கி, காத்தானுக்கு அபராதம் விதித்தார்கள். வீரய்யா மடியை அவிழ்த்து அங்கேயே கட்டிவிட்டு மைத்துனனைக் கூட்டிக்கொண்டு போனார். அவர்களுக்கு ஆன செலவு, எல்லாம் சேர்த்து, முப்பது வெள்ளி.