மார்ஜோரி வாறாளோ

போன கிழமை பலேர்மோத் துறைமுகப் பக்கம் போயிருந்தேன். ஜெனோவாவிலிருந்து வந்த கப்பல் கார்களையும் லொறிகளையும் துப்பி முடித்த பிறகு, கடைசியாக இரண்டு சைக்கிள்கள் இறங்கின. இங்கிலாந்துக்காரக் கணவனும் மனைவியும். இரண்டு பேருக்கும் அறுபது தாண்டியிருக்கும். சைக்கிளின் இரு பக்கமும் பைகள் தொங்கின. அந்தப் பெண் என்னிடம் வந்து வியா மக்வேதா தெருவுக்கு வழி கேட்டார். அவருடைய பையிலிருந்து மெழுகு பூசிய துணியின் மணம் வந்தது. நனைந்து, காய்ந்து, மடித்து வைத்து, மறுபடியும் நனைந்த துணியின் மணம். நான் வழி சொல்லத் தொடங்கி நடுவில் நின்றுவிட்டேன். பாவம், இவளுக்கு இங்கிலீஸ் வராது என்று நினைத்திருப்பார். என் இங்கிலீசும் அப்படி ஒன்றும் பெரிதில்லைதான். ஆனால் நான் நின்றது அதனால் இல்லை.

தொண்ணூறுகளில் நான் அந்த மணத்துக்குள்தான் வேலை செய்தேன். வியா மக்வேதாவிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில், ஒரு வயதான ஆங்கிலேயப் பெண்ணைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பலேர்மோக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்து இங்கே வந்தவர். கணவர் இறந்து கனகாலம், பிள்ளைகள் இல்லை, முழங்கால் இரண்டும் போய்விட்டது. சின்யோரா என்றுதான் கூப்பிடுவேன். இத்தாலியனையும் இங்கிலீசையும் கலந்து கதைப்பார். ஆனால் உங்களுக்கு உண்மையைச் சொன்னால், என் ஞாபகத்தில் அவர் எப்போதும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். அப்படியே எழுதிவிடுகிறேன். திருத்தப் போனால் அவர் குரல் போய்விடும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முழு பலேர்மோவும் படுத்துவிடும். சின்யோரா படுக்க மாட்டார். யன்னல் பலகைகளைச் சாத்தச் சொல்வார். பிறகு அலுமாரியிலிருந்து ஒரு மெழுகுத்துணிப் பையை நான் எடுத்து வரவேண்டும். உள்ளே துணியில் ஒட்டிய வரைபடங்களும் ஒரு சின்னக் கொப்பியும் இருக்கும். இளம் வயதில் சின்யோராவும் தங்கை மார்ஜோரியும் இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் சைக்கிளில் சுற்றியவர்கள். போன வழியெல்லாம் மார்ஜோரி கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். நான் அதை உரக்க வாசிப்பேன். சின்யோரா கண்ணை மூடிக்கொண்டு, விரலை வரைபடத்தில் வைத்து ஓடுவார்.

"கோயிலடியில் இடப்பக்கம். வாத்துக் குளம். அடுத்த வீட்டில் நாய், கவனம். மேடு, இறங்கி உருட்டவும்." இப்படித்தான் இருக்கும். எனக்கு அது பிடித்தது. அவர்களுடைய சின்னத் தெருக்களை நான் மனதுக்குள் ஒழுங்கை என்றும், தோட்டத்து வாசல்களைப் படலை என்றும் மாற்றிக்கொள்வேன். யாழ்ப்பாணத்து எங்கள் குருநகர் மாதிரியே ஒரு இங்கிலாந்து எனக்குள் கிடந்தது, நண்டுக் கூடுகூட இருந்தது. ஊர்ப் பெயர்களை நான் வாசிக்கிற விதத்துக்கு சின்யோரா விழுந்து விழுந்து சிரிப்பார்.

சிரிப்பு வராத இடங்களும் உண்டு. மேடு வரும்போது மேசைக்குக் கீழே அவருடைய செருப்புக் கால்கள் மெதுவாகச் சுற்றும். மூச்சு வாங்கும். பள்ளத்தில் கால்கள் அசையாமல் நிற்கும். ஆவணி மாத வெயிலில் அவருடைய கையைத் தொட்டால் குளிர்ந்திருக்கும். இடைக்கிடை, தலையைத் திருப்பாமல் கேட்பார்:

"பின்னாலை பார் பிள்ளை, மார்ஜோரி வாறாளோ?"

முதல் தரம் எனக்கு முதுகு கூசியது. பின்னால் நீளமான இருண்ட நடைவழி. முடிவில் தொப்பி மாட்டுகிற தடி, வேறொன்றும் இல்லை. நான் மாமியிடம் சொன்னேன். ஒரேத்தோ தெருவில் மாமி வீட்டில்தான் அப்போது இருந்தேன். அவ வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னா:

"கிழவிக்கு வயசு போட்டுது. ஓம் எண்டு சொல்லன். உனக்கென்ன குறைஞ்சு போகுது?"

அன்றிலிருந்து "ஓம் சின்யோரா, சிரிச்சுக்கொண்டு வாறா" என்று சொல்லப் பழகினேன். உடுப்பு மடித்துக்கொண்டு, கதவுப் பக்கம் பார்க்காமலே சொல்வேன்.

கொப்பி எப்போதும் ஒரே இடத்தில் முடியும். வேல்ஸ் எல்லையோரம் ஒரு மேடு, அங்கே ஒழுங்கை இரண்டாகப் பிரிகிறது. அதற்குப் பிறகு வெறும் தாள். அங்கே வந்ததும் மூடிவிட்டு, அடுத்த நாள் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவோம். ஏன் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அண்டைக்குச் சரியான புகார், முன்னாலை ஒண்டும் தெரியேல்லை," என்றார். "எந்தப் பக்கம் போறதெண்டு சண்டை. வந்தா வா, வராட்டி நில் எண்டு சொல்லிப்போட்டு நான் பள்ளத்திலை இறங்கினன். கோபத்திலை திரும்பிப் பாக்கேல்லை. கீழை வந்து பாத்தன், ஆருமில்லை."

சைக்கிள் கிடைத்தது. ஒரு படலையில் ஒழுங்காகச் சாத்தி வைத்திருந்ததாம். கொப்பியும் பையும் நனையாமல் இருந்தன. மார்ஜோரியை நாய்களைக் கொண்டு கிழமைக்கணக்காகத் தேடினார்கள். ஒரு நூல்கூடக் கிடைக்கவில்லை.

கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தேன். எனக்கும் ஊரில் ஒரு தம்பி இருந்தான், றெஜி. தன்னையும் பலேர்மோவுக்கு எடுக்கச் சொல்லி எழுதியிருந்தான். என்னுடைய பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குகிற அனுமதிப் பத்திரமே, அப்போது இழுபட்டுக்கொண்டிருந்தது. அம்மாவைத் தனியே விடவும் மனமில்லை. "பொறு, அம்மாவோடை இரு" என்று இரண்டு வரி எழுதிப் போட்டேன். அதற்கு அவன் பதில் எழுதவில்லை.

பிறகு அந்த மழைக்காலம் வந்தது. ஆமி நெருங்க, யாழ்ப்பாணம் முழுதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிடுகிறது என்று மாமியின் வானொலி சொன்னது. போன் இல்லை, கடிதம் இல்லை, விசாரிக்க ஆள் இல்லை. பலேர்மோவில் அது இறந்தவர்களின் திருநாள் நெருங்கும் கிழமை. இங்கே செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார்கள் என்று நம்பிக்கை. வியா மக்வேதாவின் இனிப்புக் கடைகளில் வாதுமை மாவில் செய்த பழங்களும் சீனிப் பொம்மைகளும் குவிந்திருந்தன. அந்தப் பொம்மைகளின் சிவந்த கன்னங்களைப் பார்க்க முடியாமல் தெருவின் மற்றப் பக்கத்தால் நடந்தேன். ஆனாலும் வேலைக்குப் போனேன். போகாமல் வீட்டில் இருந்து என்ன செய்வது?

அன்று தெற்குக் காற்று. பாலைவனத்துப் புழுதியைக் கொண்டுவரும் சூட்டுக் காற்று. மழைக்கான அறிகுறியே இல்லை. கொப்பியில் கடைசிப் பக்கம். வாசித்து முடித்தேன், ஒழுங்கை பிரிகிற மேடு வந்தது.

"மார்ஜோரி வாறாளோ?"

"ஓம், வாறா."

கொப்பியை மூடப் போனேன். சின்யோரா என் கையைப் பிடித்தார். ஐஸ் மாதிரி இருந்தது.

"இல்லை. அது மார்ஜோரி இல்லை. ஒரு ஆம்பிளை. உயரமான கறுத்தச் சைக்கிள். பின் கரியரிலை ஒரு மனிசி. மடியிலை கோழி ஒண்டு வைச்சிருக்கிறா. தெப்பமா நனைஞ்சு போட்டினம்."

றெஜியைப் பற்றி நான் அவரிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஊரில் பிரச்சினை என்று மட்டும் அவருக்குத் தெரியும்.

"நிக்கப் பாக்கினம் பிள்ளை. நிக்க விடாதை. கூப்பிடு. உன்ரை பாஷையிலை கூப்பிடு."

அன்றுதான் நான் உண்மையிலேயே திரும்பிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்றையும் காணவில்லை. அதே நடை, அதே தொப்பித் தடி. ஆனால் சைக்கிளை உருட்டும்போது சங்கிலிப் பக்கமிருந்து ஒரு டிக் டிக் வருமே, அது கேட்டது. சுவர் மணிக்கூடாகவும் இருந்திருக்கலாம். இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"தம்பி," என்றேன். வெட்கமாக இருந்தது. "தம்பி, நில்லாதை. வா. இன்னும் கொஞ்சத் தூரம்தான்."

"கேக்கேல்லை. பலமா."

கத்தினேன். கீழ் வீட்டுக்காரர் தும்புத்தடியால் கூரையில் இடித்தார். சின்யோராவின் கால்கள் மேசைக்குக் கீழே சுற்றிக்கொண்டே இருந்தன. நெற்றியில் வியர்வை. எழுதப்படாத வழியில் விரல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒடுக்கமான பாலம் வருகிறது என்றார், சரியான சனம் என்றார். நான் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அம்மாவையும் கூப்பிட்டேன். அரைமணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ தெரியாது. கால்கள் நின்றன.

"தாண்டிட்டினம்," என்றார்.

பிறகு, நான் அங்கே வேலை செய்த காலத்தில் முதல் தடவையாக, அவரே கழுத்தைத் திருப்பி நடையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"மார்ஜோரி படலையடியிலை ஒதுங்கி நிண்டவள். அவையள் போக வழி விட்டவள். பிறகு வரேல்லை."

அடுத்த நாள் வழக்கம் போலப் பையை எடுத்து வந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. நடையைக் காட்டி, "மார்ஜோரி வாறா சின்யோரா, சிரிச்சுக்கொண்டு வாறா" என்றேன்.

"இனிமேல் அப்பிடிச் சொல்லாதை பிள்ளை. நீ ஒருநாளும் திரும்பிப் பாக்கிறேல்லை எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேட்டனான்."

அதற்குப் பிறகு அவரும் எல்லோரையும் போல மத்தியானத்தில் படுக்கத் தொடங்கினார்.

மூன்று மாதம் கழித்து வவுனியாவில் ஒரு கடையிலிருந்து றெஜி போன் எடுத்தான். இரண்டு பேரும் அழுது முடியவே பாதி நேரம் போய்விட்டது.

"நாவற்குழிப் பாலத்தடியிலை அம்மா கரியராலை இறங்கி இருக்கப்போறன் எண்டு ஒரே அழுகை," என்றான். "எனக்கும் ஏலாது. ஆனா நிக்க மனம் வரேல்லை அக்கா. இருந்த சனத்திலை கொஞ்சப்பேர் பிறகு எழும்பவே இல்லை."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "கோழி என்னடா செய்தது?"

"உனக்கு ஆர் சொன்னது?" என்று மெதுவாகக் கேட்டான். அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

ஓடிப்போய்ச் சின்யோராவிடம் சொன்னேன். தம்பியின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார். சொன்னேன். றெஜி, றெஜி என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் மகிழ்ச்சியில் குதித்துக்கொண்டு நின்றேன். அவருக்கு அது என்ன விலை என்று அப்போது யோசிக்கவில்லை. உயிர்த்த ஞாயிறுக்கு முன்னரே போய்விட்டார்.

இங்கிலாந்திலிருந்து தூரத்து உறவில் மருமகன் முறையான ஒருவர் வந்து இரண்டே நாளில் வீட்டை ஒழித்தார். மெழுகுத்துணிப் பை குப்பை மூட்டையோடு படியிறங்கியதை நான் பார்த்தேன். கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்கவில்லை. பயம்தான். அந்த வீடு இப்போது உல்லாசப் பயணிகளுக்கு அறை விடும் இடம். ஒரேத்தோவில் எங்களோடு இருந்த குடும்பங்கள் பாதிக்கு மேல் இத்தாலியப் பாஸ்போர்ட் கிடைத்ததும் இங்கிலாந்துக்குப் போய்விட்டன. மாமி இல்லை. அம்மாவும் இல்லை.

றெஜி பிறகு பலேர்மோவுக்கு வந்து, அவனும் இங்கிலாந்துக்குத்தான் போனான். வேல்ஸ் எல்லையோரம் ஒரு சின்ன ஊரில் கடை வைத்திருக்கிறான். வீட்டுக்குப் பின்னால் மேடுகள், ஒழுங்கைகள், நல்ல காற்று, வந்து நில் அக்கா என்று ஒவ்வொரு வருசமும் கூப்பிடுகிறான். ஏதாவது சாட்டுச் சொல்லி விடுவேன். அவனுக்கு மார்ஜோரியைப் பற்றி நான் சொல்லவில்லை. சொன்னால் தேடிப் போவான்.

அந்த மேட்டில், புகாருக்குள், ஒரு படலையடியில் அவள் இன்னும் ஒதுங்கி நிற்கிறாளோ என்னவோ. அவளைத் தேடிய ஆட்கள் இல்லை, அவளோடு சண்டை பிடித்தவர் இல்லை, அவள் எழுதிய கொப்பியும் இல்லை. இந்த உலகத்தில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் இங்கே பலேர்மோவில் இருக்கிறேன்.