அத்தைக்கு இரண்டு நிமிட அன்பு

ஞாயிறுதோறும் அம்மா புத்தூரிலிருந்து திருப்பதிக்கு பஸ் ஏறி, எனர்ஜி ஹீலிங் வகுப்புக்குப் போகிறாள். நோயாளியைத் தொடக் கூடாதாம். சற்றுத் தள்ளி நின்று கையை அசைத்தே வலியை இறக்குவார்களாம்.

இன்று காலை கார்வேட்டிநகரத்து அத்தை வந்தாள். என் அக்கா கல்யாணத்திலிருந்து இரண்டு வருடமாக அம்மாவோடு பேசாதவள். தோள் இறுகிப்போய், தலைகூடப் பின்ன முடியவில்லை.

"எனக்கும் பண்ணு அண்ணி."

சிகிச்சைக்கு முன் கண்ணை மூடி, வந்தவர் மேல் இரண்டு நிமிடம் மனதார அன்பு வைக்க வேண்டும். அது இல்லாமல் கையைத் தூக்கக் கூடாது. அம்மா இதில் கறார்.

கண்ணை மூடினாள். ஐந்து நிமிடம் ஆனது, பத்து ஆனது. குக்கர் விசில் அடித்தும் அசையவில்லை.

"இன்னா அண்ணி, தூங்கிட்டியா?"

"இல்ல சரசு. கல்யாணத்துல ஒரு வாய் துன்னாம எழுந்து போனியே, அங்கயே நின்னுக்கினு இருக்கேன். தாண்டி வர முடியல."



"நானும் அங்கதான் நின்னுக்கினு இருக்கேன் அண்ணி."

அம்மா எழுந்துபோய்ச் சீப்பை எடுத்து வந்தாள்.

"திரும்பு. தலை எப்டி கீது பாரு."

சிக்கெடுத்து, எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னிவிட்டாள். பிறகு இருவரும் சாப்பிட்டார்கள். அத்தை இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கினாள்.

தோள் வலி அப்படியேதான் இருக்கிறது. அடுத்த வாரமும் வருகிறாளாம்.

வகுப்பு நோட்டில் இன்றைய சிகிச்சையை எழுத வேண்டும். தொட்டதையும் எழுதலாமா என்று அம்மா என்னைக் கேட்கிறாள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.