காதுக்காரரின் இரைச்சல்

ஆஸ்பத்திரியின் முதல் மாடியில், நடைபாதை முடிகிற இடத்தில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறை உண்டு. கதவைச் சாத்தினால், எச்சில் விழுங்குகிற சத்தம்கூட உள்ளே இருப்பவருக்குக் கேட்கும். அந்த அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து, பத்தொன்பது வருஷமாக மனிதர்களின் காதைச் சோதித்து வந்தவர் அவர். உள்ளே இருப்பவர் தலையில் ஹெட்போன் மாட்டியிருப்பார். சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். அவர் அமுக்க அமுக்க இவர் தாளில் புள்ளி வைத்துக்கொண்டே போவார். பெரிய டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் காதுக்காரர்தான். அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் புழங்கியது.

சோதனை முடிந்து எழுந்திருக்கிற ஒவ்வொருவரிடமும் ஒரே வசனம்தான் சொல்வார்.

"சத்தத்துக்குப் பக்கத்துல உக்காராதீங்க. பல்லு போனா கட்டிக்கலாம். காது போனா போனதுதான்."

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு மாலையில் வீட்டுக்கு வருவார். சட்டையை மாற்றுவார். சமையலறையை ஒட்டிய சின்ன அறைக்குள் போய், ஒரு ஸ்பீக்கரின் முன்னால் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்துகொள்வார்.

எல்லாம் மைத்துனனால் வந்தது. மனைவியின் தம்பி, ஹோட்டல் விருந்துகளில் கிட்டார் வாசிக்கிறவன். அவனுடைய ஆம்ப்ளிபயர் ஒருநாள் புகைந்து நின்றுவிட்டது. பழைய ரேடியோவில் எரியுமே கண்ணாடி வால்வு, அதை வைத்துச் செய்தது. உலகம் வால்வைக் கைவிட்டு எத்தனையோ காலமாகிவிட்டது, ஆனால் கிட்டார்க்காரர்கள் மட்டும் அதற்கு இன்னும் உயிரை விடுகிறார்கள். "பாத்துக் குடுங்க மாமா" என்று அவன் வைத்துவிட்டுப் போனான். காதுக்காரர் பின்பக்கத்துத் தகட்டைக் கழற்றிப் பார்த்தார். இரண்டு டிரான்ஸ்பார்மர், ஐந்து வால்வு, இருபது முப்பது உதிரி.

"இவ்வளவுதானா?" என்றார்.

இந்த ஒரு வார்த்தையால் கெட்ட குடும்பங்கள் எத்தனையோ.

பழுதுபார்ப்பதை விட்டுவிட்டுப் புதிதாகவே ஒன்று செய்வதென்று முடிவெடுத்தார். முதல் மாதமே பாடம் கிடைத்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்ற தைரியத்தில் கையை உள்ளே விட்டார். மின்சாரத்தை நிறுத்தினாலும் கண்டென்சர்கள் அதைக் கொஞ்ச நேரம் தேக்கி வைத்திருக்கும் என்பது அவருக்குப் புத்தகத்தில் மட்டும் தெரிந்திருந்தது. சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கீழ உக்காந்தேன்."

"நாற்காலி இருக்கும்போது எதுக்குங்க கீழ உக்காரணும்?"

அன்றிலிருந்து, உள்ளே கை வைப்பதற்கு முன் கண்டென்சரை வடிய வைத்துவிட்டு நூறு வரை எண்ணுவார்.

எட்டு மாதத்தில் முதல் ஆம்ப் பேசியது. பெட்டி பிளைவுட், கைப்பிடி பழைய சூட்கேஸிலிருந்து கழற்றியது. அவருக்கு வாசிக்கத் தெரிந்தது ஒன்றரைப் பாட்டு. அந்த ஒன்றரையையும் மாதக்கணக்கில் தினமும் முழுச் சத்தத்தில் வாசித்தார். தந்தியை மெல்லத் தொட்டால் மணி போல ஒலித்தது. அழுத்தி மீட்டினால் தொண்டை கட்டிய பாடகர் போல ஒரு கரகரப்பு. பிறகு மைத்துனனைக் கூப்பிட்டார். அவன் கண்ணை மூடிக் கேட்டான்.

"பிரமாதம் மாமா! இதையே எடுத்துக்கிறேன்."

"இரு. இரையுது."

"என்ன இரையுது?"

"ஸ்ஸ்ஸ்னு, மெல்லிசா. உனக்குக் கேக்கல?"

"இல்லையே."

"எப்படிக் கேக்கும்? மேடையில நின்னு நின்னு காதைத் தொலைச்சிருப்ப."

ரெசிஸ்டர்களை மாற்றினார். வால்வை மாற்றினார். கம்பிகளைப் பின்னிப் பார்த்தார், பிரித்துப் பார்த்தார், அறையின் டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு மெழுகுவர்த்தியில் உட்கார்ந்தும் பார்த்தார். இரைச்சல் போகவில்லை. இரண்டாவது ஆம்ப் செய்தார், அதுவும் இரைந்தது. மூன்று, நான்கு. ஒவ்வொன்றும் முந்தையதைவிட அழகு, ஒவ்வொன்றிலும் அதே ஸ்ஸ்ஸ். மைத்துனன் இரண்டு வருஷம் இரவல் ஆம்பில் வாசித்தான்.

பிறகு தன் தொழிலையே துணைக்கு அழைத்தார். மைத்துனனை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிப் பஞ்சு அறையில் அடைத்தார். காதில் ஒரு குறையும் இல்லை. அடுத்து மனைவி. அவள் ஒரு டைல்ஸ் கிடங்கில் தரம் பார்ப்பவள். வருகிற ஒவ்வொரு கல்லையும் விரல் முட்டியால் தட்டுவாள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக வரும், தள்ளி வைத்துவிடுவாள். அவளுடைய வரைபடம் தாளின் உச்சியில் கோடு கிழித்த மாதிரி நேராக நின்றது. அப்படி ஒரு காதைப் பத்தொன்பது வருஷத்தில் அவர் பார்த்ததில்லை.

ஆகவே, சோதனை இயந்திரம் பழுது என்று முடிவுக்கு வந்தார்.

மேலிடத்துக்கு மனு எழுதினார். அளவு சரிபார்க்க ஓர் ஆள் பெட்டியோடு வந்து, அரை நாள் பார்த்து, இயந்திரம் சுத்தமாக இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அவனுக்கும் காது சரியில்லை என்று காதுக்காரர் சந்தேகப்பட்டார்.

ஒரு விடுமுறை நாள் மதியம். ஐந்தாவது ஆம்பின் முன்னால் குனிந்து, ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டி வைத்திருந்தார். மனைவி எதற்கோ உள்ளே வந்தாள்.

"இங்க வா. இப்பவாவது கேளு. எப்படி இரையுது பாரு!"

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"என்னங்க, பிளக்கே மாட்டலையே."

அவர் அசரவில்லை. "கண்டென்சர்ல கரண்ட் தங்கியிருக்கும்."

"எவ்வளவு நேரம் தங்கும்?"

"கொஞ்ச நேரம்."

"நேத்து மிக்சி போடறதுக்கு நான்தான் கழட்டினேன். அப்புறம் மாட்டவே இல்ல."

அவர் மெல்லக் கையை நீட்டி வால்வைத் தொட்டார். எரிந்தால் விரலைச் சுடுகிற கண்ணாடி, கிணற்றுத் தண்ணீர் போல ஜில்லென்று இருந்தது. இரைச்சலோ விட்டபாடில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் அங்கேயே இருந்தார்கள். அவளுக்கு மௌனமும் அவருக்கு ஸ்ஸ்ஸுமாக.

மறுநாள் பஞ்சு அறைக்குள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்தார். இந்தப் பக்கம், அவருடன் வேலை பார்க்கும் பெண். வேலைக்கான உடல்தகுதிச் சான்றிதழுக்காகக் காது கேட்பது போல நடிக்கிறவர்கள் எத்தனையோ பேரை அவர் கையும் களவுமாகப் பிடித்தவர். அவர்கள் எப்படி ஏமாற்றுவார்கள் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? சத்தம் எத்தனை விநாடிக்கு ஒருமுறை வரும் என்று மனதுக்குள் தாளம் போட்டு, கணக்காகப் பொத்தானை அமுக்கினார்.

ஹெட்போனில் அவள் குரல் வந்தது. "சார்..."

"என்னம்மா?"

"நான் இன்னும் சத்தமே குடுக்கல சார்."

இரண்டாம் முறை நேர்மையாக உட்கார்ந்தார். வரைபடம் நடுவரை நன்றாகத்தான் வந்தது. உச்ச ஸ்தாயியில் சடாரென்று ஒரு பள்ளம். நெடுநாள் பெருஞ்சத்தத்தின் அருகில் இருந்தவர்களுக்கு விழுகிற பள்ளம் அது. அங்கே கேட்காமல் போன சத்தங்களுக்குப் பதிலாகக் காது தானே ஒன்றை இரைந்து நிரப்பிக்கொள்ளும். ஆயிரம் பேருக்கு விளக்கியிருக்கிறார். அந்தப் பெண் தயங்கித் தயங்கி, வேறு வார்த்தை கிடைக்காமல், அவருடைய வசனத்தையே எடுத்தாள்.

"சத்தத்துக்குப் பக்கத்துல உக்காராதீங்க சார். பல்லு போனா..."

"தெரியும்மா." தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கதவுவரை போய்த் திரும்பினார். "இது சரியாயிடுமா?"

எல்லாரும் கேட்கிற கேள்வி. பதில் தெரிந்துகொண்டே ஏன் கேட்டோம் என்று அவருக்கே புரியவில்லை. ஆனால் கேட்காமல் அந்த அறையைவிட்டு வெளியே வர முடியவில்லை.

ஒரு மாதம் அந்த அறைப்பக்கமே போகவில்லை. மைத்துனன் வந்து, முதலில் செய்த ஆம்பை யாரையும் கேட்காமல் தூக்கிக்கொண்டு போனான். அவன் வாசித்ததைக் கேட்டு இன்னொரு கிட்டார்க்காரர் தேடி வந்தார். அவர் வழியாக மற்றொருவர். கையால் செய்த ஆம்ப் என்றால் அவர்களுக்கு ஒரு கிறுக்கு. ஐந்தாவதை ஒருவர் கேட்டபோது காதுக்காரர் கையை விரித்தார்.

"இது நல்லா இருக்கான்னு சொல்ல எனக்குக் காது இல்லீங்க."

சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். ஆம்பைப் போடச் சொன்னாள். கிட்டாரைத் தொடக்கூடாது என்று வந்தவரைத் தடுத்துவிட்டு, வெறும் பெட்டியின் முன் நின்று கேட்டாள். பிறகு கல்லைத் தட்டுவதுபோல விரல் முட்டியால் நாலு பக்கமும் தட்டினாள்.

"இரைச்சல் இல்ல. ஆனா இடது பக்கம் அடியில எதுவோ ஆடுது."

திருப்பிப் பார்த்தால், டிரான்ஸ்பார்மரைப் பிடித்திருந்த ஒரு திருகு அரைச் சுற்று தளர்ந்திருந்தது. இல்லாத இரைச்சலைத் தேடி வால்வு வால்வாக மாற்றியவரின் கண்ணில் இருக்கிற திருகு படவே இல்லை.

அன்றிலிருந்து மனைவி தட்டாத ஆம்ப் அந்த வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. அவளுக்குக் கிட்டார் என்றாலே ஆகாது, தலைவலி என்பாள். அதனாலேயே அவள் தீர்ப்பில் ஓரவஞ்சனை கிடையாது என்று கிட்டார்க்காரர்கள் நம்பினார்கள். அவர்கள் ஒரு ஆம்பின் ஒலியைத் தேன் என்பார்கள், வெண்ணெய் என்பார்கள், வெயில் என்றுகூட ஒருவர் சொன்னார். அவள் அகராதியில் இரண்டே வார்த்தைகள்: "போகட்டும்", "பிரிங்க".

காதுக்காரர் இப்போது எதிர்ச்சுவரில் முதுகைச் சாய்த்து, ஒலியைக் குறைத்து வைத்து வாசிக்கிறார். ஒன்றரைப் பாட்டு இரண்டாகிவிட்டது.

போன மாதம் வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். மேடைகளில் பழுத்தவர். பத்தாவது ஆம்பை ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ரொம்பச் சுத்தமா இருக்கு சார். உயிரே இல்ல. பழைய ஆம்ப்ல எல்லாம் பின்னாடி மெல்லிசா ஒரு இரைச்சல் இருக்குமே, அது வேணும். அத வைக்க முடியுமா?"

காதுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பழைய ரகக் கார்பன் ரெசிஸ்டர்களைத் தேடிப்பிடித்து, இருந்த நல்லவற்றைக் கழற்றிவிட்டு அவற்றைப் பொருத்தினார். அவை தாமாகவே இரையும். மனைவி வந்து நின்று கேட்டாள்.

"இப்ப இரையுது."

"எப்படி?"

"ஸ்ஸ்ஸ்னு. மெல்லிசா."

"எனக்கு எப்பவும் போலத்தான் கேக்குது" என்றார் அவர்.

வந்தவருக்குப் பரம திருப்தி. தேடித் திரிந்தது இதைத்தான் என்றார். ஆம்பைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது, இவ்வளவு நுணுக்கமாக இது எப்படிப் பிடிபட்டது என்று ஆச்சரியத்தோடு கேட்டார்.

"பழக்கம்தாங்க" என்று சொல்லிவிட்டு, காதுக்காரர் பெட்டியின் மறுபக்கத்தைத் தாங்கி ஆட்டோ வரைக்கும் கூடவே நடந்தார்.