பாதி நினைவு

நம்புங்கள் என்று யாரையும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் தினமும் விளக்கேற்றும் முருகன் படத்தைத் தொட்டுச் சொல்கிறேன். போன சித்திரையில், நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்றில், பட்டப்பகலில் எனக்கு நடந்தது இது.

என் பெயர் பிரபா. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள். அந்தப் பண்ணையில் கொட்டகையின் பெரிய விசிறிகளை ஒரு கம்ப்யூட்டர்தான் ஓட்டுகிறது. கையால் ஓட்டினால் பாதி விசிறிகள்தான் சுற்றும். அந்த வெயிலில் அது போதாது. கோழிகள் வாயைப் பிளந்து செத்துவிடும். புதுப் பிராசஸர் மாற்றியதிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனது. பதினாறு ஜிபி மெமரியில் எட்டைத்தான் காட்டியது.

மெமரி என்றால் புரியாதவர்களிடம் 'நினைவு' என்று சொல்வது என் வழக்கம். பண்ணை முதலாளி நவநீதகிருஷ்ணனிடமும் அப்படித்தான் சொன்னேன்.

"பாதி நினைவுதாங்க இருக்குது."

"அப்ப அரை மயக்கத்துல கெடக்குதுன்னு சொல்லுங்க!" என்று சிரித்தார். "சீக்கிரம் தெளிய வெய்யிங்க. கோழி தாங்காது."

அவர் கொட்டகைக்குப் போய்விட்டார். ஆபீஸ் அறையில் நான் மட்டும்.

பெட்டியைத் திறந்தேன். கோழி இறகு, பிசுபிசுத்த தூசி, கரப்பான் முட்டை. மூக்கைப் பொத்திக்கொண்டு துடைத்தேன். இரண்டு மெமரி அட்டைகளையும் ரப்பரால் தேய்த்து, அட்டை செருகும் முதல் பள்ளத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். இரண்டும் நல்லவை. அப்படியானால் கோளாறு இரண்டாவது பள்ளத்தில், அல்லது பிராசஸர் உட்கார்ந்த விதத்தில்.

இரண்டாவது பள்ளத்தில் டார்ச் அடித்தேன்.

ஓர் அரிசி.

தீவனம் என்று நினைத்தேன். ஆனால் இங்கே கோழிக்குப் போடுவது மக்காச்சோளம். இடுக்கியால் எடுத்தேன். ஈரம். எச்சில் நூலாக நீண்டது.

பிராசஸரைக் கழற்றினேன். ஊசிகள் எதுவும் வளையவில்லை. அடியில் சிறு பஞ்சு உருண்டை, நசுங்கிக் கிடந்தது. முதலில் பன்னீர் வாசம். பிறகு... அழுகல். ஜன்னலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

துடைத்து, பொருத்தி, ஸ்விட்சைப் போட்டேன்.

எட்டு.

மறுபடி திறந்தேன். அதே பள்ளத்தில் அரிசி. இம்முறை மூன்று. வெதுவெதுப்பாக இருந்தன. ஒன்று பாதி கடிபட்டிருந்தது.

முதுகுக்குப் பின்னால்...

"நெனவு இருக்குதுங்க..."

வாய் நிறைய எதையோ அடக்கிக்கொண்டு பேசும் குரல்.

திரும்பினேன். காலி நாற்காலி.

"நெனவு... இருக்குதுங்க... சாமி..."

ஓடத்தான் நினைத்தேன். ஆனால் அது மிரட்டும் குரல் இல்லை. கெஞ்சும் குரல். தாகமாக இருக்குமோ என்று, என் தண்ணீர் பாட்டிலின் மூடியில் கொஞ்சம் ஊற்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஆமாங்கய்யா. இருக்குதுங்க. எனக்குத் தெரியுதுங்க."

அரிசியை எடுத்தேன். அட்டையைச் செருகினேன். போட்டேன்.

பதினாறு.

கொட்டகையில் எல்லா விசிறிகளும் ஒன்றாக இரைந்தன.

மூடியைப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. அடியில் ஓர் அரிசி ஒட்டியிருந்தது.

வெளியே கொட்டகை கூட்டும் ராசாத்தி அம்மாள் நின்றிருந்தார். நடந்ததைச் சொன்னேன். துடைப்பம் அவர் கையிலிருந்து நழுவியது.

"மொதலாளியப் பெத்த அய்யன் வெள்ளியங்கிரி, போன மாசம் அந்த நாக்காலியிலதான் சாஞ்சாருங்க. நெனவு தப்பிருச்சுன்னாங்க. அப்பறம் உசுரே போயிருச்சுன்னாங்க. வெயிலுக்கு ஒடம்பு தாங்காதுன்னு அன்னிக்கே எடுத்துட்டாங்க."

"டாக்டர் பார்க்கலையா?"

அவர் கொட்டகைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, என் காதருகே வந்தார்.

"கடைசியா வாய்க்கரிசி போட்டது நாந்தாங்க, சாமி. நான் சொன்னா யாரு கேப்பாங்கன்னு வாயத் தொறக்கல..."

"என்னம்மா?"

"அந்த அரிசிய மென்னாருங்க."