மாமியின் மெஷினும் முத்தம்மாவின் மெஷினும்

மஞ்சள் உறையை நான் மடிப்பதற்குள் அப்பா நீல உறையைக் கணினியின் மேல் மாட்டிவிட்டார். வாசலில் முத்தம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நானும் அப்பாவும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

அப்பா ராஜகோபாலன், மயிலாப்பூரில் வீட்டு முன்னறையில் கணினி வைத்துப் பிறர் கணக்குகளைப் பார்த்தார். பெரிய வாடிக்கையாளர்கள் இரண்டு பேர். முத்தம்மா கொட்டிவாக்கத்துக் கருவாட்டு மொத்த வியாபாரி. சுப்புலக்ஷ்மி மாமி ஜாதகப் பொருத்த நிலையம் நடத்துபவர்.

"கருவாட்டுக் கணக்குப் போடற மெஷின்ல என் ஜாதகமெல்லாம் போகப்படாது. இப்பவே சொல்லிட்டேன்" என்றார் மாமி.

"ஐயோ, அது வேற மெஷின் மாமி" என்றார் அப்பா.

இன்னொரு கணினி வாங்க வழியில்லை. அப்பா இரண்டு உறைகள் வாங்கினார். மஞ்சள் போட்டால் மாமியுடையது, நீலம் போட்டால் முத்தம்மாவுடையது. ஆயுத பூஜைக்கு ஒரே பெட்டிக்கு இரண்டு பொட்டு, இரண்டு துண்டுப் பூ.

ஒருமுறை மாற்ற மறந்துவிட்டார்.

"இன்னா சார், என் மெஷினு மஞ்சப் பூசிக்கினு கீது?"

"வெள்ளிக்கிழமையோல்லியோ" என்றார் அப்பா.

முத்தம்மா சிரித்துவிட்டுப் போனார். மாமி சிரிக்க மாட்டார். தெரிந்தால் விலகிவிடுவார், அவர் விலகினால் முன்னறையை மூட வேண்டியதுதான்.

எனக்கு நந்தனத்தில் மென்பொருள் வேலை. தொண்ணூற்றொன்பதில் புதிதாக வந்த ஒரு மென்பொருளைக் கொண்டுவந்து போட்டேன். ஒரே பெட்டிக்குள் தனித்தனியாக இரண்டு கணினிகள். ஒன்றில் இருப்பது மற்றதற்குத் தெரியாது. இன்னொரு பெட்டி வேண்டாம், இன்னொரு மின்செலவும் வேண்டாம். ஒன்றை அணைத்துக் காட்டினேன். மற்றது ஓடிக்கொண்டிருந்தது.

"இது போயிட்டா அதுக்குத் தெரியாதா, ஜானு?"

"தெரியாது."

"பாவம்" என்றார் அப்பா. சற்றுக் கழித்து, "அப்போ நான் மாமிகிட்டே பொய்யே சொல்லலை" என்றார்.

மென்பொருளை மாமிக்குக் காட்டினால் பெட்டி ஒன்றுதான் என்பது தெரிந்துவிடும். ஆகவே உறை மாற்றுவது மட்டும் தொடர்ந்தது. அந்தக் கடைசி நாள் முத்தம்மா போனதும் அப்பா இரண்டு உறைகளையும் சுருட்டிக்கொண்டு தையல்கார ஷாகிராவிடம் கொடுத்துவிட்டு வந்தார். சாப்பிட்டுப் படுத்தார். எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து நான் போய் உறையை வாங்கினேன். பாதி மஞ்சள், பாதி நீலம், நடுவில் இரட்டைத் தையல்.

"ரெண்டையும் வெட்டி ஒண்ணா தைக்கச் சொன்னாருமா. இனிமே ஒண்ணு போதுமாம். மாமிகிட்ட அவரே சொல்லிக்கிறேன்னாரு" என்றார் ஷாகிரா.

அதைக் கணினிக்குப் போட்டுவைத்தேன். அன்று சாயங்காலம் மாமியும் முத்தம்மாவும் துக்கம் கேட்க ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். மாமி உறையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு பேரோடதும் இதுக்குள்ளேதான் இருக்கு மாமி. உங்ககிட்டே சொல்லணும்னு இருந்தார் அப்பா."



"நாத்தம் வராது மாமி" என்றார் முத்தம்மா, மூக்கைத் துடைத்தபடி. "உள்ள நடுவுல செவுரு கீதாம். சார் சொல்லிக்கீறாரு."

நீலப் பக்கம் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டிருந்தது. மாமி அதைக் கீழே இழுத்து, சுருக்கத்தை நீவிவிட்டார்.