முப்பத்தெட்டு டிகிரியும் என் வீட்டுக்காரரும்

டிஜிட்டல் ஷவர் என்று ஒன்று இருப்பதே கோயம்புத்தூரிலிருந்து மகள் வீடியோ அனுப்பிய பிறகுதான் எனக்குத் தெரியும். சுவரில் செல்போன் அளவுக்கு ஒரு பலகை. எத்தனை டிகிரி வேண்டும் என்று அதில் அழுத்தினால், வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் தானே கலந்து அதே சூட்டில் ஊற்றுமாம். குளிப்பதற்குமா கம்ப்யூட்டர் என்று சிரித்துவிட்டு மூடிவிட்டேன். அப்போது சிரிக்க முடிந்தது.

பத்து நாள் கழித்து என் வீட்டுக்காரர் காலைச் சுட்டுக்கொண்டார். அவருக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். கீசர் தண்ணீரை வாளியில் பிடித்தவர், பச்சைத் தண்ணீர் கலக்க மறந்து அப்படியே காலில் ஊற்றியிருக்கிறார். துண்டால் துடைக்கும்போது தோல் கழன்று வந்த பிறகுதான் விஷயமே தெரிந்திருக்கிறது. நான் செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். யார் யார் புண்ணுக்கோ போகிற துணியை நாள் முழுக்கப் புரட்டுகிறவள், ஒன்றரை மாதம் என் வீட்டுக் காலுக்கே கட்டுப் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு சட்டம் போட்டேன். நான் கை விட்டுப் பார்க்காத தண்ணீரில் அவர் குளிக்கக் கூடாது. இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. இராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷம் முதல் ஷிப்ட் பார்த்தவர் அவர். மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்ததும் உடம்பில் ஒட்டிய பஞ்சு போகக் குளித்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். ரிட்டயராகி நாலு வருஷமாகியும் அந்த மூன்றரை மணி அவரை விடவில்லை. நானோ வேலை முடிந்து வீடு வந்து சேர ஆறு மணி ஆகும். அதுவரை குளிக்காமல், குளிக்காததால் சாப்பிடாமல், மனுஷன் உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் நான் வந்தபோது நாற்காலியில் வேர்த்து ஊற்ற, கை நடுங்க உட்கார்ந்திருந்தார். எதிரே மூடி வைத்த தட்டு அப்படியே இருந்தது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்து, சீனியை அள்ளி அவர் வாயில் போட்டுவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

"பசிச்சா செத்த முன்னாடி தின்னா என்ன? குடியா முழுகிரும்?"

"குளிக்காம எப்படிச் சாப்பிட?" என்றார், அதுவும் ஈனசுரத்தில்.

சட்டம் போட்ட நானே அவரைக் கொன்றுவிடுவேன் என்று பயம் வந்துவிட்டது. அன்றைக்கே மகளிடம் அந்த வீடியோவை மறுபடியும் அனுப்பச் சொன்னேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாத்ரூம் சாமான் கடையில் அதைப் பொருத்தி ஓட்டிக் காட்டுகிறார்கள் என்று எங்கள் பிளம்பர் சொன்னார். என் லீவு நாளில் பஸ் ஏறினோம். பால்கோவாக் கடைகளை எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டி, குழாய்க் கடைக்குப் போன ஜோடி அன்றைக்கு நாங்கள் மட்டும்தான் இருப்போம்.

கடைக்காரர் பலகையை அழுத்தினார். முப்பத்தெட்டு என்று நீல வெளிச்சத்தில் வந்தது. தண்ணீர் கொட்டியது. என் வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கையை நீட்டினார்.

"நல்லா இதமா இருக்கு. வெதுவெதுன்னு" என்றார்.

நானும் கையை நீட்டினேன். ஜில்லென்று இருந்தது.

அதற்குள் கடைக்காரர், "அக்கா, தப்பா நெனைக்காதீக. கீசர் சுவிட்சப் போட மறந்துட்டோம். நாம கேட்ட நம்பரத்தான் அது காட்டுது" என்று உள்ளே ஓடினார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் சுவரில் இருந்த டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "கையுமா?"

தலையை ஆட்டினார்.

"எம்புட்டு நாளா?"

"பொங்கலுக்கு முன்னாடியே. உங்கிட்டச் சொன்னா, பொறவு சோத்தையும் நீதான் தொட்டுப் பாத்துத் தருவ."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து சீட்டில் ஆள் இருந்ததைக்கூடப் பார்க்காமல் அழுதேன். "தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதான? ஏன் இதமா இருக்குன்னு சொன்னீங்க?"

"நம்பர் முப்பத்தெட்டுன்னுச்சு" என்றார்.

அதைக் கேட்டதும் கோபம் பாதி இறங்கிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. மில்லில் அவர் பார்த்த வேலை அப்படி. உடம்புக்குப் புழுக்கமாக இருக்கிறதே என்று சன்னலைத் திறந்தால் காற்றில் ஈரம் குறைந்து நூல் அறும். சுவரில் இருக்கும் மீட்டர் என்ன சொல்கிறதோ அதுதான் அங்கே கணக்கு. தன் தோல் சொல்வதை நம்பாமல் முப்பது வருஷம் பிழைத்தவர், அன்றைக்கும் அப்படியே மீட்டரை நம்பிவிட்டார்.

மறுநாள் மூன்றரை மணிக்குப் பிளம்பர் இடம் பார்க்க வந்தார். அதற்காக நான் பெர்மிஷன் போட்டிருந்தேன். மாடியில் கறுப்பு டேங்கின் மூடியைத் திறந்து கையை விட்டவர், சட்டென்று எடுத்தார்.

"அக்கா, மிஷின் கலக்கத்தான் செய்யும், ஆத்தித் தராது. பச்சத் தண்ணியே இந்தச் சூடு இருந்தா, அது தானா நின்னுரும். தண்ணி வேகத்துக்கு ஒரு பம்பும் வைக்கணும். காலையில குளிக்கிறவுகளுக்குன்னா பிரச்சின இல்ல."

சரி, இது நமக்கு ஆகாது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். குளிக்கிற நேரத்தை மாற்றச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் கெஞ்சாத நாளில்லை. மசியவில்லை.

அவர் டேங்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப நான் ஷிப்ட் மாறிக்கிடுதேன்" என்றார்.

"எந்த மில்லுல?"

"மூணாம் ஷிப்ட் விட்டு வாரவன் காலைல ஏழரைக்குக் குளிச்சுட்டுத்தான சாப்பிடுவான்? நாளையில இருந்து நான் மூணாம் ஷிப்டு."

மில்லில் ஷிப்டை மாற்றிவிட்டால் குளியல், சாப்பாடு, தூக்கம் எல்லாமே மாறும். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நான் அதை ஷிப்ட் என்று சொல்லாமல் நேரம் என்று சொன்னதால்தான் அவர் அசையவில்லை போலிருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கையில் கிடைத்ததை அவர் தலையில் போடவும் தோன்றியது.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. ஏழரைக்கு நான் வீட்டில்தானே இருப்பேன்? "அப்ப மிஷினே வேண்டாமே! நானே தொட்டுப் பாத்துட்டு வேலைக்குப் போயிருவேனே" என்றேன் சந்தோஷமாக. அவர் பிளம்பர் போகும்வரை காத்திருந்து, மெதுவாகச் சொன்னார்.

"ஏட்டி, நான் தாப்பாப் போட்டுக் குளிச்சு எத்தன நாளாச்சு தெரியுமா? நீ கைய விட்டுப் பாத்து, ம், குளிங்கன்னு சொல்லிட்டு, கதவத் தெறந்து போட்டு வெளிய நிக்க. நான் துண்டக் கட்டிக்கிட்டுப் பச்சப்புள்ளையாட்டம் ஒக்காந்திருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. அவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்ற பெருமையில் இருந்தேனே தவிர, அவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. பம்ப், டேங்க் என்று நான் யோசித்ததெல்லாம் தண்ணீரைப் பற்றி. அவர் யோசித்தது அந்தக் கதவைப் பற்றி. அன்றைக்கே பம்போடு சேர்த்து ஆர்டர் கொடுத்தேன். விலையை இங்கே எழுதப் போவதில்லை, கம்பெனியில் கூட வேலை பார்ப்பவர்கள் படித்தால் என் மானம் போய்விடும்.

பொருத்தியதும், முப்பத்தெட்டுக்கு மேல் போகாதபடி பிளம்பர் பூட்டிக் கொடுத்தார். கடையில் நடந்தது இவருக்கும் மறக்கவில்லை. பலகையை மட்டும் நம்ப முடியாது என்று தனியாக ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்து, தண்ணீர் விழும் இடத்தில் கட்டித் தொங்கவிட்டார். மூன்று நாள் நான் கை விட்டுப் பார்த்தேன், அவர் இரண்டு மீட்டரையும் பார்த்தார். மூன்றும் ஒத்துப்போயின.

நாலாம் நாள் காலையில் துண்டோடு உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது. நான் டிபன் பாக்ஸும் கையுமாகக் கதவுக்கு வெளியே நின்றேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"முப்பத்தேழு வச்சிருக்கேன். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் குரல். "ஏட்டி, இன்னும் அங்கனயேவா நிக்க? பஸ்ஸு போயிரும், கெளம்பு."

"போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.